டிப்பர்காரர் கொட்டிட்டுப் போன ‘ட்ரீட்டட்’ கசடு: தோப்புக்குப் போடலாமா?

திருப்பூர் மாவட்டம் காங்கேயம் பக்கத்துலருந்து ஒரு சகோதரி ரொம்ப விவரமா எழுதியிருக்காங்க. ஊர் பேர், ஆள் பேரெல்லாம் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சுருக்கமா சொல்லிடறேன்.

மொத்தம் நாலு ஏக்கர். அதுல ரெண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு, நூத்தி எழுபது மரம், இதுக்கு மட்டும் அங்ககச் சான்று (ரசாயனம் போடாம இயற்கை முறையில வெளைவிக்கறதுன்னு குடுக்கற சான்று) வாங்கறதுக்குப் பதிஞ்சு இது ரெண்டாவது வருஷம். முக்கால் ஏக்கர் சின்ன வெங்காயம், கிணத்துக்கிட்ட வீட்டுச் செலவுக்குன்னு கொஞ்சம் வெண்டை, கீரைப் பாத்தி, மிச்சம் கொறங்காடு, அதுல ரெண்டு மாடும் கொஞ்சம் ஆடும் மேயுது. வீட்டுக்காரர் வெளியூர் வேலை. போன மாசம் ஒரு டிப்பர்காரர் வந்து “கவர்மெண்ட் பிளான்ட்ல ட்ரீட் பண்ணின கசடுங்க, சுத்தமான இயற்கை உரம், காசு வேண்டாம், டீசலுக்கு மட்டும் குடுங்க”ன்னு சொல்ல, கொழுந்தனார் சரின்னுட்டார். அஞ்சு லோடு வந்து எறங்கிடுச்சு. நாலு லோடு கருப்பா, பொடிப்பொடியா இருக்கு. அஞ்சாவது லோடு மட்டும் சாம்பல் கலர்ல கட்டி கட்டியா, வெயில்ல காஞ்சதும் மேல வெள்ளையா உப்பு பூத்த மாதிரி இருக்கு. கருப்பு லோடுல பாதிய காய்கறிப் பாத்தியில ஏற்கனவே எறைச்சாச்சு. மாமியார் “அதப் போட்டு வெளைஞ்ச தேங்காய சாமிக்கு ஒடைப்பீங்களா”ன்னு சண்டை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஈ மொய்க்குது, எங்க கிணறு கெட்டுப்போகும், புகார் குடுப்பேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். இந்தம்மா கேக்கறது: இதப் போடலாமா கூடாதா, சட்டப்படி தப்பா, சான்றுக்கு ஏதாவது பிரச்சனை வருமா, ‘ட்ரீட்டட்’னு சொன்ன பிறகும் இவ்வளவு பயப்படணுமா.

சகோதரி, மத்தது எல்லாத்தையும் அப்புறம் பேசலாம், முதல்ல அந்த அஞ்சாவது லோட யாரும் தொட வேண்டாம். மம்பட்டியால கெளற வேண்டாம், மத்த குமியோட சேக்க வேண்டாம், மழை வர்றதுக்குள்ள மேல தார்ப்பாய் போட்டு சுத்தி மண்ணு அணை போட்டுடுங்க, தண்ணி அதுல எறங்கி ஓடக்கூடாது. ஆடு அங்க போகாம கிளுவை முள்ளு வெட்டிப் போட்டு மறைங்க. ஏன் இவ்வளவு அவசரமா சொல்றேன்னு கீழ படிச்சா தெரியும்.

‘ட்ரீட்’ பண்ணினது சரி, எதோட கசடு?

நீங்க கடுதாசி முழுக்க ‘கசடு’ன்னு ஒரே பேர்ல எழுதியிருக்கீங்க. நம்ம ஜில்லாவுல அந்தப் பேர்ல மூணு வேற வேற சரக்கு லாரியில போகுது.

ஒண்ணு, பாதாளச் சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ற நிலையத்துல அடியில தங்கற கசடு. வீட்டு சாக்கடை மட்டும் வந்து சேர்ற எடமா இருந்தா இதுல பெரும்பாலும் மட்கக்கூடிய சரக்குதான். ஆனா அந்தச் சாக்கடையில யாராவது பட்டறைத் தண்ணியையும் கனெக்‌ஷன் குடுத்து விட்டிருந்தா கதையே வேற. ரெண்டாவது, செப்டிக் டேங்க் லாரி உறிஞ்சிட்டு வர்ற மலக்கசடு. இத சுத்திகரிக்கறதுக்குன்னு தனியா நிலையங்க இருக்கு, தமிழ்நாட்டுல 2017-ல செங்கல்பட்டு பக்கம் கருங்குழியில ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி 2015-ல கர்நாடகாவுல தேவனஹள்ளியில. காயப் போட்டு, குப்பையோட சேத்து மட்க வச்சா இது நல்ல எருவா வரும். ஆனா நிலையத்துக்கே போகாம, ராத்திரியில நேரா தோட்டத்துலயும் ஓடையிலயும் தொறந்து விட்டுட்டுப் போற லாரியும் இருக்கு. டேங்கர்ல தண்ணியா வந்து எறங்குச்சுன்னா அது எந்த சுத்திகரிப்பும் ஆகாதது, யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க.

மூணாவதுதான் என் பயம். சாயப்பட்டறைகளோட பொது சுத்திகரிப்பு நிலையத்துல வர்ற கெமிக்கல் கசடு. சாயத் தண்ணியில சுண்ணாம்பு, ஃபெரஸ் சல்பேட்டுன்னு போட்டு சாயத்த அடியில எறக்குவாங்க, அப்படி எறங்கறதுதான் இந்தக் கசடு. அதுல உப்பு அதிகம், உலோகமும் இருக்கலாம். இதையும் பேச்சு வழக்குல ‘ட்ரீட்மெண்ட் பிளான்ட் ஸ்லட்ஜ்’னுதான் சொல்வாங்க, பொய்யும் கிடையாது! ஆனா 2016 அபாயகரக் கழிவு விதிப்படி இது அபாயகரக் கழிவு. அதுக்குன்னு இருக்கற குழியில கொண்டுபோய் போடணும், இல்ல அனுமதி வாங்கி சிமெண்ட் ஆலைக்கு எரிக்க அனுப்பணும். அதுக்கெல்லாம் செலவாகும், அதனாலயே ஒரு லோடு ரெண்டு லோடு வழிதவறி நம்ம தோட்டத்துப் பக்கம் வர வாய்ப்பிருக்கு.

உங்க சாம்பல் கலர் லோடு அதுதான்னு போட்டோவப் பாத்து என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. சாக்கடைக் கசடுலயும் கிருமி சாகறதுக்கு சுண்ணாம்பு கலக்கற முறை இருக்கு, அதுவும் வெள்ளையா தெரியும். ஆனா உப்பு பூத்திருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நொய்யல் பாசனத்துல ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி என்ன பண்ணுச்சுன்னு உங்க ஊர்ப் பெரியவங்களக் கேட்டா சொல்வாங்க. 1992-ல தொறந்த அணை, பாசனத்துக்குக் கட்டினது, சாயத்தண்ணி சேந்து விவசாயிகளே தண்ணிய விடாதீங்கன்னு கேக்கற நெலமைக்குப் போச்சு. 2011-ல மெட்ராஸ் ஐகோர்ட் சாயப்பட்டறைங்கள மூடச் சொன்னது வரைக்கும் அந்தக் கதை போச்சு. அந்த உப்பு தண்ணியில வந்துச்சு, இது லாரியில வருது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்க மாமியார் பயப்படறதும், யாரும் பயப்படாததும்

மாமியார் அருவருப்புப் படறதுல நியாயம் இருக்கு, அவங்கள மூடநம்பிக்கைன்னு ஒதுக்காதீங்க. மனுஷக் கழிவுல இருக்கற ஆபத்து நிஜமானது. நாக்குப்பூச்சின்னு சொல்றோமே, அந்த உருண்டைப்புழு, அதுல ஒரு பொட்டைப்புழு ஒரு நாளைக்கு ரெண்டு லட்சம் முட்டை வரைக்கும் போடும், அந்த முட்டைக்கு ஓடு கெட்டி, ஈர மண்ணுல வருஷக்கணக்கா உயிரோட கெடக்கும். கசட வெயில்ல காயப் போட்டா கருப்பா பொடியா ஆயிடும், நாத்தமும் போயிடும், ஆனா முட்டை செத்துருச்சான்னு நாத்தத்த வச்சு சொல்ல முடியாது. உங்க கருப்பு லோடுல மண்வாசனை வருதுன்னு எழுதியிருக்கீங்க, அது மட்கியிருக்குங்கறதுக்கு நல்ல அடையாளம்தான், கிருமி இல்லைங்கறதுக்கு சாட்சி கிடையாது.

ஆனா கிருமிக்கு வழி இருக்கு. சூடும் காலமும் அத முடிச்சிடும். நீட்டக் குமியா போட்டு உள்ள 55 டிகிரி சூடு 15 நாள் நிக்கணும், அந்த 15 நாளுக்குள்ள அஞ்சு தடவை பொரட்டிப் போடணும், அப்பதான் வெளிப்பக்கம் இருக்கறதும் உள்ள போய் வேகும். இல்லைன்னா நம்ம ஊர் சூட்டுக்கு, அதாவது 20-லருந்து 35 டிகிரி இருக்கற எடத்துல, ஒரு வருஷத்துக்கு மேல புதுச்சரக்கு எதுவும் சேக்காம அப்படியே போட்டு வச்சா போதும்னு உலக சுகாதார நிறுவனம் 2006-ல வெளியிட்ட வழிகாட்டியில இருக்கு. அகமதாபாத் மாநகராட்சி இன்னும் ஒரு படி மேல போய், பாபா அணு ஆராய்ச்சி மையத்தோட தொழில்நுட்பத்துல, காஞ்ச கசட கோபால்ட்-60 காமா கதிர்ல காட்டி கிருமிய அழிக்கற நிலையம் வச்சிருக்கு, ஒரு நாளைக்கு 100 டன். கதிர்ல காட்டினதால கசடு கதிரியக்கமா மாறிடாது, அந்த சந்தேகம் நெறைய பேருக்கு இருக்கு, அதனால சொல்றேன்.

இப்ப யாரும் பயப்படாத விஷயத்துக்கு வர்றேன். காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல், பாதரசம். இதுக்கு நாத்தம் இல்ல, ஈ மொய்க்காது, சூடு பண்ணினா சாகாது, மட்க வச்சா கொறையாது. சொல்லப்போனா மட்க மட்க சரக்கு சுருங்கும், உலோகம் அப்படியே நிக்கும், ஒரு கிலோவுக்கு எவ்வளவுன்னு பாத்தா கூடித்தான் போயிருக்கும். காமா கதிரும் இத ஒண்ணும் பண்ணாது. ஒருக்கா மண்ணுல சேந்துட்டா உங்க பேரன் காலத்துலயும் அங்கதான் இருக்கும். அதனால வீட்டுல நடக்கற சண்டைக்கு என் தீர்ப்பு என்னன்னா, மாமியார் பயப்படற பங்கு சரிபண்ணக்கூடியது, கொழுந்தனார் கவனிக்காம விட்ட பங்குதான் சரிபண்ண முடியாதது.

அதுக்காக ஒரேயடியா பயப்படவும் வேண்டாம், கணக்கு ஒண்ணு போட்டுக் காட்டறேன். ஒரு கிலோவுல 5 மில்லிகிராம் காட்மியம் இருக்கற எருவ ஏக்கருக்கு 10 டன் போட்டா மண்ணுல சேர்றது 50 கிராம். ஒரு ஏக்கர்ல அரை அடி மேல்மண்ணு சுமாரா 900 டன், அப்ப மண்ணுல ஏறினது கிலோவுக்கு 0.06 மில்லிகிராம்கூட வராது. ஒரு தடவையில தோட்டம் பாழாகாது. வருஷா வருஷம் இலவசமா வருதேன்னு போட்டுக்கிட்டே இருக்கறதுதான் ஆபத்து. இல்லைன்னா ஒரே தடவையில தப்பான சரக்கு, அதாவது அந்த அஞ்சாவது லோடு மாதிரி ஒண்ணு, ஒரே பாத்தியில எறங்கறது.

நீங்க அனுப்பின டெஸ்ட் பேப்பர்

டிப்பர்காரர் வாட்ஸப்புல அனுப்பினதுன்னு ஒரு ரிப்போர்ட் போட்டோ வச்சிருந்தீங்க, அத பெருசாக்கிப் பாத்தேன். தழைச்சத்து (நைட்ரஜன்) 2.1 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 1.4, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 0.3, கார அமில நிலை, ஈரப்பதம், முடிஞ்சது. உலோகம் ஒண்ணுகூட அதுல இல்ல. கிருமியும் பாக்கல. சாம்பிள்ங்கற எடத்துல வெறும் ‘ஸ்லட்ஜ்’னு இருக்கு, எந்த நிலையம்னு இல்ல. தேதி ஒன்றரை வருஷம் பழசு. அடியில சின்ன எழுத்துல, சாம்பிள் பார்ட்டியே கொண்டுவந்து குடுத்தது, நாங்க எடுத்தது இல்லன்னு லேப்காரங்களே போட்டிருக்காங்க. இந்த பேப்பர் உங்க தோட்டத்துல கெடக்கற குமியப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லல. ‘கவர்மெண்ட் சர்டிஃபிகேட்’னு சொன்னாரே, அதுவும் இதுவும் ஒண்ணில்ல.

இன்னொரு தப்பு அபிப்ராயம், மண்வள அட்டையில எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. மண்வள அட்டையில பாக்கறது 12 விஷயம்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். காட்மியமோ ஈயமோ குரோமியமோ அதுல கிடையாது. அதுக்குத் தனியா கேட்டு, பணம் கட்டி டெஸ்ட் பண்ணணும்.

எதோட ஒப்பிட்டுப் பாக்கறதுன்னா, 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையில நகரக் கம்போஸ்டுக்குன்னு அளவு இருக்கு. கிலோவுக்கு மில்லிகிராம் கணக்குல ஆர்சனிக் 10, காட்மியம் 5, குரோமியம் 50, தாமிரம் 300, ஈயம் 100, நிக்கல் 50, துத்தநாகம் 1000, பாதரசம் 0.15. 2016 திடக்கழிவு விதியிலயும் இதே அளவுதான் இருந்துச்சு, இதத் தாண்டினா உணவுப் பயிருக்குப் போடக்கூடாதுன்னு அதுல தெளிவாவே எழுதியிருந்துச்சு. இந்த வரிய எழுதி வச்சுக்கோங்க, லேப்ல இருந்து ரிசல்ட் வந்ததும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

“அமெரிக்காவுலயே போடறாங்க”

கொழுந்தனார் இப்படிச் சொன்னாருன்னு எழுதியிருக்கீங்க. உண்மைதான். மில்வாக்கி நகரத்துல 1926-லருந்து சாக்கடைக் கசட ஒலத்தி, மூட்டை கட்டி, பேர் வச்சு விக்கறாங்க. 1993-ல அந்த நாட்டுல இதுக்குன்னு தனி விதியே வந்துச்சு. ஆனா அந்த விதிய முழுசா படிக்கணும். கசட ரெண்டு தரமா பிரிக்கறாங்க. முதல் தரம்னா கிருமி கிட்டத்தட்ட இல்லாதது. ரெண்டாம் தரம் போட்ட நிலத்துல, மண்ணத் தொட்டுக்கிட்டு மேல வெளையற காய 14 மாசத்துக்கு அறுக்கக்கூடாது, மண்ணுக்குள்ள வெளையறதுன்னா 20 மாசம், போட்ட ஒடனே உழுது மண்ணுக்குள்ள தள்ளியிருந்தா 38 மாசம். மண்ணுக்குள்ள போயிட்டா வெயில் படாது, முட்டை சாகாது, அதனாலதான் அங்க கூடுதல் காலம். ஆடு மாடு மேய விடறதுக்கு 30 நாள் பொறுக்கணும். உங்க சின்ன வெங்காயத்த நெனச்சுப் பாருங்க, மண்ணுக்குள்ளயே வெளைஞ்சு, பழைய சோத்துக்குப் பச்சையாவே கடிக்கறது. அதுக்கும் கீரைக்கும் கசடு எந்த ரூபத்துல வந்தாலும் நான் வேண்டாம்னுதான் சொல்வேன், ரிசல்ட் நல்லா வந்தாலும் சரி.

அதே அமெரிக்காவுல மெய்ன் மாநிலம் 2022-ல நிலத்துல கசடு போடறதையே தடை பண்ணிடுச்சு. நான்ஸ்டிக் பாத்திரம், தண்ணி ஒட்டாத துணி இதுக்கெல்லாம் உபயோகிச்ச பிஃபாஸ்ங்கற ரசாயனம் கசடு வழியா மண்ணுக்கும் கிணத்துக்கும் பாலுக்கும் போனது தெரிய வந்ததுனால. வருஷக்கணக்கா, முறையா அனுமதி வாங்கித்தான் போட்டிருந்தாங்க அந்த விவசாயிங்க, அத நெனச்சா எனக்கு இன்னும் மனசு கஷ்டமா இருக்கு. ஸ்விட்சர்லாந்தும் நிலத்துல போடறத நிறுத்தியாச்சு. ஜெர்மனியில பெரிய நிலையங்கள் 2029-லருந்து கசடுலருந்து மணிச்சத்த மட்டும் பிரிச்சு எடுக்கணும்னு விதி. நம்ம டையிங் பிரிண்டிங் ஊர்ல தண்ணி ஒட்டாத துணிக்கு என்னென்ன ரசாயனம் போகுதுன்னும் யோசிக்கணும். அதனால வெளிநாட்டுல போடறாங்கங்கறது பாதி செய்திதான்.

தென்னைக்குப் போடலாமா

சான்றுங்கற விஷயம் இல்லேன்னா, கசட ஏத்துக்கறதுல தென்னை மோசமான பயிர் கிடையாது. காய் மண்ணத் தொடறதில்ல, பருப்பு ஓட்டுக்குள்ள இருக்கு. உங்க மண்ணு சுக்கான் கல்லு கலந்த செவல், கார அமில நிலை 8-ஐ ஒட்டி இருக்குன்னு அட்டையில இருக்கு, அந்த மண்ணுல காட்மியமும் துத்தநாகமும் நிக்கலும் சுலபத்துல வேருக்குக் கெடைக்காது, மண்ணே புடிச்சு வச்சுக்கும். புளிப்பு மண்ணுன்னா நான் இன்னும் கடுமையா பேசியிருப்பேன். கீரை அப்படி இல்ல, காட்மியத்த இலையில ஏத்திக்கறதுல அது முன்னாடி நிக்கும்.

ஆனா சத்துக் கணக்குல ஏமாந்துடாதீங்க. அந்த பேப்பர்ல இருக்கற அளவயே உண்மைன்னு வச்சுக்குவோம். ஒரு டன் காஞ்ச சரக்குல 21 கிலோ தழைச்சத்து, ஒரு மூட்டை யூரியாவுல இருக்கற அளவு. டிப்பர்காரர் இப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனா மட்கின கசடுல முதல் வருஷம் பயிருக்குக் கெடைக்கறது அதுல பத்துல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா அஞ்சுல ஒரு பங்கு. மிச்சம் மெதுவா வரும். அடுத்து சாம்பல் சத்து. தென்னைக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை வருஷத்துக்கு மரத்துக்கு 560 கிராம் தழை, 320 மணி, 1200 சாம்பல். பொட்டாஷ்தான் தென்னைக்கு உயிர். ஆனா பொட்டாஷ் தண்ணியில கரைஞ்சு சுத்திகரிச்ச தண்ணியோடவே போயிடும், கசடுல தங்காது. உங்க நூத்தி எழுபது மரத்துக்கு 204 கிலோ வேணும், டன்னுக்கு 3 கிலோ வச்சா 68 டன் கொட்டணும்! அவ்வளவு கொட்டினா மணிச்சத்து மண்டிப்போகும், உலோகமும் சேரும். அதனால இது பொட்டாஷ் மூட்டைக்கு மாத்து கிடையாது, மரத்துக்கு 50 கிலோ தொழுஎரு போடறோமே, அதுல ஒரு பங்குக்கு வேணா மாத்தா இருக்கலாம்.

இதெல்லாம் சான்று வேண்டாம்னு நெனக்கறவங்களுக்கு. உங்களுக்கு நெலம வேற. அங்கக உற்பத்திக்கான தேசியத் திட்டத்தோட தரநிலைப்படி மனுஷ மலம், சிறுநீர் கலந்த எருவ மனுஷன் சாப்பிடற பயிருக்குப் போடக்கூடாது. அமெரிக்காவோட அங்கக விதியில சாக்கடைக் கசடுன்னு பேர் சொல்லியே தடை இருக்கு. ‘இயற்கை உரம்தானே’ன்னு நீங்க எழுதினது இங்கதான் இடிக்குது, மட்கற பொருளாவே இருந்தாலும் சான்றுக்கு அது ஆகாது. தோப்புல ஒரு கூடை போட்டாலும் ரெண்டு வருஷ காத்திருப்பு வீணாப் போகலாம், தென்னை மாதிரி நிரந்தரப் பயிருக்கு மாற்றுக் காலம், அதாவது சான்று கெடைக்கறதுக்கு முன்னாடி விதிப்படி நடந்து காத்திருக்கற காலம், மூணு வருஷம், மறுபடி முதல்லருந்து. நல்லவேளையா தோப்புல இன்னும் போடல. போடாதீங்க. காய்கறிப் பாத்தியில எறைச்சத மறைக்காம உங்க ஆய்வாளர்கிட்ட நீங்களே சொல்லி, பதிவேட்டுலயும் எழுதிடுங்க. அவங்களா வந்து கண்டுபிடிச்சா மொத்தப் பண்ணைக்கும் சிக்கல், நீங்களா சொன்னா அந்தப் பாத்திய பிரிச்சுப் பேச வழியிருக்கு.

சட்டம், பக்கத்துத் தோட்டம்

நான் மண்ணு பாக்கற ஆளு, வக்கீல் இல்ல, அதனால தெரிஞ்ச அளவுக்கு. சுத்திகரிச்சு, அளவுக்குள்ள இருக்கற கசட்டு எருவ விவசாயி வாங்கிப் போடறது தப்பில்ல, 2017 தேசிய மலக்கசடுக் கொள்கையே மறுபயன்பாட்ட ஊக்குவிக்குது. ஆனா உரம்னு சொல்லி விக்கறதுக்கு அங்கீகாரமும் பில்லும் வேணும். உங்களுக்குக் கெடைச்சது டீசல் காசு ஜிபே பண்ணின மெசேஜ் மட்டும். அத அழிச்சுடாதீங்க, வண்டி நம்பர், போன் நம்பர், வாட்ஸப் பேச்சு எல்லாத்தையும் எடுத்து வைங்க.

அஞ்சாவது லோடு சாயக்கசடுன்னு தெரிஞ்சா அது வேற மாதிரி கேஸ். அபாயகரக் கழிவு போற வண்டியில படிவம் 10-னு ஒரு சரக்குச்சீட்டு இருந்தே ஆகணும், எங்கருந்து எங்க போகுதுன்னு அதுல எழுதியிருக்கும். உங்க நெலத்துல கெடக்கறதால நாளைக்கு நீங்களே வாங்கிப் போட்டதா யாரும் சொல்லிடக்கூடாது, அதனால பக்கத்துத் தோட்டத்துக்காரர் புகார் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கு தேதி போட்டு எழுதிக் குடுத்து, ஒப்புகை வாங்கிக்கோங்க. சாம்பிள் எடுங்க, அள்ளிட்டுப் போக ஏற்பாடு பண்ணுங்கன்னு அதுலயே கேளுங்க. கொழுந்தனார் ராவோட ராவா அத ஓடைக்கரையில தள்ளிடலாம்னு சொன்னதா எழுதியிருக்கீங்களே, அது மட்டும் நடக்கவே கூடாது, அப்ப குத்தவாளி நீங்களாயிடுவீங்க. வக்கீல் செலவு நெனச்சு பயப்படாதீங்க, 1987 சட்டப்படி பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட நீதிமன்றத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும். பெரிய சேதம்னா சென்னையில இருக்கற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென் மண்டல அமர்வுக்கும் போகலாம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர எதிரியா பாக்காதீங்க. அவர் கிணத்தப் பத்தி கேக்கறது நியாயமான கேள்வி. குமி கிணத்துக்கு எவ்வளவு தூரம்னு நீங்க எழுதல, கருப்புக் குமி முப்பது மீட்டருக்குள்ள இருந்தா நகர்த்துங்க. ரெண்டு கிணத்துத் தண்ணியையும் நைட்ரேட்டுக்கும் கோலிஃபார்முக்கும் (தண்ணியில கழிவு கலந்திருக்கான்னு காட்டற கிருமி) டெஸ்ட் பண்ணி ரிசல்ட்ட அவர்கிட்டயும் காட்டுங்க. குடிதண்ணியில நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டக்கூடாது, கைக்குழந்தைக்குப் பால் கரைச்சுக் குடுக்கற வீடுகள்ல இது முக்கியம்.

இப்ப செய்ய வேண்டியது

எறைச்ச பாத்தியில இருக்கற கீரையப் புடுங்கிடுங்க, ஆட்டுக்கும் போட வேண்டாம். வெண்டைய நல்லா கழுவி, வேக வச்சு சாப்பிட்டா கிருமி பயம் இல்ல, ஆனாலும் ரிசல்ட் வர்ற வரைக்கும் பறிக்காம விடறது உத்தமம். அதுக்கப்புறம் அந்த எடத்துல செண்டுமல்லியோ ஆமணக்கோ பருத்தியோ போடுங்க. அஞ்சு வயசுப் பொண்ணு அங்கதான் வெளையாடுதுன்னு எழுதியிருக்கீங்க, கொஞ்ச நாளைக்கு எடத்த மாத்துங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி வீட்டுல எல்லாருக்குமே பூச்சி மாத்திரை கேளுங்க. எறைக்க வந்த ரெண்டு அக்காமாருக்கும் சேத்துக் கேளுங்க. அவங்க வெறுங்கையோட, வெறுங்காலோட கூடையில அள்ளி எறைச்சிருக்காங்க. மனுஷக் கழிவ இன்னொரு மனுஷன் வெறுங்கையால அள்ளக்கூடாதுன்னு 2013-ல சட்டமே போட்ட நாடு இது. மட்கிப் பொடியானத எறைக்கறது அந்தச் சட்டத்துக்குள்ள வராதுன்னு யாராவது சொல்லலாம், ஆனா பூட்ஸும் கையுறையும் வாங்கிக் குடுக்கறதும், கை கழுவ சோப்பும் தண்ணியும் வைக்கறதும் நம்ம கடமை.

சாம்பிள் எடுக்கறப்ப ஒவ்வொரு குமியிலயும் மேல, நடுவுல, அடியில, சுத்தி ஏழெட்டு எடத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து பிளாஸ்டிக் பக்கெட்டுல கலந்து அரைக்கிலோ பையில போடுங்க. இரும்பு, துத்தநாகத் தகர வாளி வேண்டாம், அதோட உலோகமே சாம்பிள்ல ஏறிடும். கருப்புக் குமி நாலுக்கும் தனித்தனிப் பை, சாம்பல் குமிக்குத் தனி (அத கையுறை போட்டு எடுங்க, ஒரு பங்க நீங்களும் சீல் பண்ணி வச்சுக்கோங்க). எறைச்ச பாத்தி மண்ணு ஒரு பை, எறைக்காத எடத்து மண்ணு ஒரு பை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துலயோ என்ஏபிஎல் (லேப்களோட தரத்தப் பாத்து அங்கீகாரம் குடுக்கற தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கற லேப்லயோ மேல சொன்ன எட்டு உலோகமும் உப்பின் அளவும் வேணும்னு பேர் சொல்லிக் கேளுங்க, ‘எருவு டெஸ்ட்’னு மட்டும் சொன்னா மறுபடி தழை மணி சாம்பல் மட்டும் பாத்துக் குடுத்துடுவாங்க. செலவு கொஞ்சம் ஆகும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்டயும் பங்கு கேட்டுப் பாருங்க, அவருக்கும் தேவைதான்.

கருப்பு லோடு அளவுக்குள்ள வந்துச்சுன்னா அத தூக்கிப் போட வேண்டியதில்ல. தார்ப்பாய் மூடி ஒரு வருஷத்துக்கு மேல விட்டுட்டு, சான்றுக்குப் பதியாத எடத்துல, வேலியோரம் வச்சிருக்கற வேம்பு, மலைவேம்புக்கு வட்டப் பாத்தி எடுத்துப் போட்டு மண்ணுல மூடிடுங்க. கொறங்காட்டுல எறைக்காதீங்க, ஆடு கொழுக்கட்டைப் புல்ல அடியோட கடிக்கறப்ப மண்ணையும் சேத்துத்தான் திங்கும்.

தோப்புக்கு இந்த வருஷம் என்ன போடறதுங்கற கேள்வி மிச்சம் இருக்கு. எருவுக்கு வழி இல்லாமத்தான டிப்பர்காரர் பேச்சக் கேட்டீங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி வரிசைக்கு நடுவுல தக்கைப்பூண்டோ சணப்போ வெதச்சு, பூக்கறப்ப மடக்கி உழுங்க. ஆட்டுக்காரங்ககிட்ட பேசி தோப்புல ரெண்டு ராத்திரி கிடை போட்டா அதுவே பெரிய எரு. கொளத்து வண்டல் மண்ணு விவசாயிக்கு இலவசம், தாசில்தார் ஆபீஸ்லயே அனுமதி வாங்கலாம், ஆனா சாயத்தண்ணி பட்ட கொளமா இல்லாம பாத்து எடுங்க. பொட்டாஷுக்கு என்ன இடுபொருள் ஆகும்னு சான்றுத்துறை ஆய்வாளர்கிட்ட பட்டியல் கேட்டு வாங்குங்க, பாத்தியப் பத்தி சொல்லப் போறப்பவே கேட்டுடலாம். லேப் ரிசல்ட் வந்ததும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, முக்கியமா சாம்பல் குமியோட குரோமியமும் உப்பின் அளவும் இருக்கற பக்கம்.